கல்லூரிப் பருவம்: மனநலமும் பாதுகாப்பற்ற பாலுறவும்

“பையனுக்கு என்ன நோய் என்று பெற்ற தகப்பனிடம்கூடச் சொல்ல மாட்டீர்களா, டாக்டர்?”

எங்கள் புறநோயாளிகள் பிரிவின் கதவருகே நின்று இவ்வாறு கேட்ட தந்தையர் பலர். அவர்களுள் ஒருவரின் மகனைப் பற்றிச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். யாருடைய அடையாளமும் வெளிப்படக் கூடாது என்பதற்காக, நாங்கள் கண்ட பல மாணவர்களின் வரலாறுகளை ஒன்றாகக் கலந்து, விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர். விடுதியில் தங்கிப் படிப்பவர். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ் வடிதல் என்ற தொல்லைகளுடன் வந்தார். வெட்டை நோய் என்று வழங்கப்படும் கொனோரியா அது. ஊசியும் மாத்திரையும் தந்தோம், ஆணுறையின் தேவையை எடுத்துச் சொன்னோம், அனுப்பிவிட்டோம். ஐந்து மாதங்கள் கழித்து அதே தொல்லையுடன் மீண்டும் வந்தார். முதன்முறை நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியை இம்முறை எங்கள் இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, இரவில் தூக்கம் எப்படி இருக்கிறது?”

மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பல மாதங்களாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்றார். ஆறு தாள்கள் அரியராக நிற்கின்றன. வகுப்புக்குச் செல்வது குறைந்துவிட்டது. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் நன்றாக இருப்பதுபோல் பேசிவிடுகிறார். ஆணுறை பற்றி முன்பே கூறியிருந்தோமே என்று கேட்டபோது அவர் சொன்ன விடை: “தெரியும் சார். அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆனால் என்ன என்றுதான் இருந்தது.”

அவருக்கு அறிவுரை குறைவாக இல்லை. தம் உடலுக்கு நாளை என்ன ஆகும் என்ற அக்கறைதான் அவரை விட்டுப் போயிருந்தது. அந்த அக்கறையை அழிக்கும் நோய்க்கு மனச்சோர்வு என்று பெயர். ஐந்து மாதங்களுக்கு முன்பே நாங்கள் அதைக் கண்டறிந்திருக்க வேண்டும்.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். திருமணத்திற்கு முன் உறவு கொள்வது சரியா தவறா என்பதில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு நிலைப்பாடு உண்டு. அதில் தீர்ப்புக் கூறுவது மருத்துவரின் வேலை அன்று. உறவு கொண்டார் என்பதனாலேயே ஒரு மாணவர் மனநோயாளி ஆகிவிடமாட்டார். ஆணுறை இல்லாத உறவு, மது மயக்கத்தில் நேரும் உறவு, முன்பின் அறியாதவருடன் தனியிடம் செல்லுதல், தமக்கு விருப்பமில்லாதபோதும் மறுக்க இயலாமல் இணங்குதல் ஆகியவற்றையே ஆபத்தான பாலுறவு என்று இங்குக் குறிப்பிடுகிறோம். இவை திரும்பத் திரும்ப நிகழும்போது, அதற்குக் காரணம் ஒழுக்கக் குறைவு என்று முடிவு செய்வது எளிது. ஆனால் பல நேரங்களில் அம்முடிவு தவறாகிவிடுகிறது.

மனநோய்களுள் ஏறத்தாழப் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன. கல்லூரிக் காலமும் நோய் தலைகாட்டும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. விளைவுகளை எடைபோட்டுச் செயலைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இவற்றுடன் வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியேறும் தனிமை, தேர்வுச் சுமை, கையில் இருக்கும் கைப்பேசி, புதிய நண்பர்கள், சிலருக்கு மது என எல்லாம் சேர்கின்றன. (தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்க்கு மது விற்கக் கூடாது என்பது விதி. விடுதி அறைகள் அந்த விதியை எவ்வளவு அறிந்திருக்கின்றன என்பது வேறு செய்தி.)

மனச்சோர்வு உற்றவர்க்குப் பாலுறவில் நாட்டம் குறையும் என்பதே பாடநூல் கூறுவது. பெரும்பாலோர்க்கு அது உண்மையும்கூட. அவ்வாறாயின் மனச்சோர்வு எவ்வாறு ஒருவரை ஆபத்தான உறவுக்கு இட்டுச் செல்லும் என்று குடும்பத்தினர் கேட்பது நியாயமே. நாங்கள் கேட்டறிந்தவரை, இத்தகைய மாணவர்களுள் பலர் இன்பத்தை நாடிச் செல்வதில்லை. சில மணி நேரமாவது தனிமையையும் தம்மைப் பற்றிய வெறுப்பையும் மறந்திருக்கவே செல்கின்றனர். அந்த ஆறுதல் மறுநாள் காலையிலேயே தீர்ந்து, வெறுப்பு இருமடங்காகத் திரும்புகிறது. அதைத் தணிக்க மீண்டும் செல்கின்றனர். மனச்சோர்வின் இன்னொரு இயல்பு, எதிர்காலத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுவது. பத்தாண்டு கழித்து வாழ்ந்திருப்போம் என்றே நம்பாத ஒருவரிடம், பத்தாண்டு கழித்து வரக்கூடிய நோயைக் காட்டி எச்சரிப்பதில் பயன் ஏது?

மாணவியரிடம் இது வேறு வடிவம் கொள்வதைக் காண்கிறோம். தாம் எதற்கும் தகுதியற்றவர் என்ற எண்ணத்தில் மூழ்கியிருக்கும் ஒரு பெண்ணுக்கு, தம்மிடம் அன்பு காட்டும் ஒரே மனிதரை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் மற்ற எல்லா அச்சங்களையும் விஞ்சிவிடுகிறது. ஆணுறை அணியச் சொன்னால் “என்மீது நம்பிக்கை இல்லையா?” என்று அவர் கேட்பார், அக்கேள்விக்கு விடை சொல்லும் வலிமை அப்போது இருப்பதில்லை. பிறகு அவசரக் கருத்தடை மாத்திரையைத் தேடிக் கடை கடையாக அலைகிறார். ஒரு மாணவி ஆறு மாதங்களில் எத்தனை முறை அம்மாத்திரையை உட்கொண்டார் என்பதை எண்ணிச் சொல்ல முடியாமல் எங்கள் முன் அழுதார். அவருக்கு அப்போது முதலில் தேவைப்பட்டது, “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்பதை உணரும் அளவுக்கு மனம் தேறுவது. கருத்தடை பற்றிய விளக்கத்தை அடுத்த வருகையில்தான் பேசினோம்.

பதற்ற நோய் உடையவர்களின் வழி தனி. கூச்சத்தைப் போக்கிக்கொள்ள முதலில் குடிக்கின்றனர். குடித்தபின் எச்சரிக்கை போய்விடுகிறது. ஆணுறை வாங்கக் கடைக்காரரிடம் கேட்கவே நாக்கு எழாதவர்களும் இவர்களுள் உண்டு.

நம் ஊர்களுக்கே உரிய இன்னொரு வழியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். “இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா? ஆண்மைக் குறைவா?” என்று கேட்கும் சுவரொட்டிகளையும் நள்ளிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் காணாதவர் குறைவு. சுய இன்பத்தாலும், உறக்கத்தில் விந்து வெளியேறுவதாலும் உடல் நலிந்துபோகும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஆயினும் பத்தொன்பது வயது இளைஞரின் மனத்தில் அது ஆழமாக இறங்கிவிடுகிறது. களைப்பு, படபடப்பு, கவனக்குறைவு என மனச்சோர்வின் அறிகுறிகள் எல்லாவற்றையும் அவர் விந்து இழப்பின் விளைவு என்றே கொள்கிறார். ஊர் ஊராகச் சென்று அறை எடுத்து முகாமிடும் போலி வைத்தியர்களிடம் பணத்தை இழக்கிறார். அவர்களுள் சிலர், தமக்கு ஆண்மை இருக்கிறதா என்று ‘சோதித்துப் பார்ப்பதற்காகவே’ பணம் கொடுத்து உறவு கொள்ளச் செல்கின்றனர். அச்சத்தில் உடல் ஒத்துழைக்காது; அதையே தம் நோய்க்குச் சான்றாகக் கருதுவர். மீண்டும் சோதிக்கச் செல்வர். ஆசையே இல்லாமல் அச்சத்தினால் நிகழும் ஆபத்து இது. அரை மணி நேரம் உட்கார்ந்து உடலின் இயல்பை விளக்கினால் பாதி குணமாகிவிடும் நிலை. அந்த அரை மணி நேரத்தை எந்தப் பள்ளியும் அவருக்குத் தரவில்லை.

இனி, குடும்பத்தினர் தவறவே கூடாத ஒரு நிலை உண்டு. அடக்கமாக இருந்த பிள்ளை திடீரெனச் சில நாட்களில் மாறிவிடுகிறார். இரண்டு மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பின்றி இருக்கிறார். நிறுத்தாமல் பேசுகிறார், கல்விக் கட்டணப் பணத்தைச் செலவழிக்கிறார், பெரும் திட்டங்களைச் சொல்கிறார், அதுவரை காட்டாத பாலியல் நாட்டத்தை வெளிப்படையாகக் காட்டுகிறார், அறியாதவர்களுடன் செல்கிறார். இருதுருவ மனநிலைக் கோளாற்றின் எழுச்சி நிலையாக இது இருக்கலாம். இருபது வயதை ஒட்டியே பலருக்கு இந்நோய் முதலில் வெளிப்படுகிறது. இதைத் திமிர் என்று எண்ணி அடித்த குடும்பங்களையும், பேய் பிடித்ததாக எண்ணிக் கோயில்களுக்கு அழைத்துச் சென்ற குடும்பங்களையும் கண்டிருக்கிறோம். எழுச்சி தணிந்தபின், தாம் செய்தவற்றை நினைத்து அம்மாணவர் அடையும் அவமானம் தற்கொலை எண்ணம்வரை செல்லக்கூடும். அதனால் இந்நிலையில் ஒரு நாளும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்து வருதல் வேண்டும். முன்பு மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து உட்கொண்டுவந்தவராயின் அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இருதுருவ நோய் உள்ளவரிடம் அம்மருந்து எழுச்சியைத் தூண்டிவிடுவது உண்டு.

சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் பற்றி ஒரு சொல். தம் உடல் தமக்கு உரியது என்ற உணர்வே அவர்களிடம் சிதைக்கப்பட்டிருக்கிறது. வளர்ந்தபின் சிலர் பாலுறவை முற்றும் அஞ்சி விலகுவர். சிலர் எதையும் மறுக்காதவர் ஆவர். இரண்டும் ஒரே காயத்திலிருந்து வருபவை. அக்காயத்தை விசாரணைபோல் கேட்டுத் திறக்கக் கூடாது.

ஒருபால் ஈர்ப்புடைய மாணவர்களின் மனச்சோர்வுக்குக் காரணம் அவர்களுடைய ஈர்ப்பு அன்று; அதை மறைத்து வாழ வேண்டிய நெருக்கடி. மறைவில் நடக்கும் சந்திப்பில் பாதுகாப்புப் பற்றிப் பேசவோ, மிரட்டலுக்கு ஆளானால் புகார் செய்யவோ துணிவு வருவதில்லை. இந்த ஈர்ப்பை ‘மாற்றித் தருமாறு’ எங்களிடம் கேட்கும் பெற்றோர் உளர். இது நோய் அன்று. மாற்றும் மருத்துவமும் இல்லை. அத்தகைய முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டிலேயே தடை விதித்துள்ளது.

இதுவரை மனநிலையிலிருந்து ஆபத்தான உறவுக்குச் செல்லும் வழியைக் கூறினோம். எதிர்த்திசையிலும் வழி உண்டு. ஒரே ஒரு இரவு நிகழ்ந்த பாதுகாப்பற்ற உறவுக்குப் பின், எச்.ஐ.வி. வந்திருக்குமோ என்ற அச்சத்தில் உறங்காத மாணவர்கள் பலர். தொற்று ஏற்பட்ட மறுநாளே பரிசோதனை அதைக் காட்டிவிடாது. பயன்படுத்தும் பரிசோதனையின் வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பில் பருவத்தேர்வு வந்துவிடும், தாள்கள் போய்விடும். மூன்றாம் மாத முடிவில் தொற்று இல்லை என்று வந்தபின்னும் நம்பாமல், வேறு வேறு ஆய்வகங்களில் பத்து முறை இரத்தம் கொடுத்தவர்களையும் அறிவோம். பதினொன்றாம் பரிசோதனை இவர்களுக்கு உதவாது. அவர்களைப் பற்றியிருப்பது பதற்ற நோயோ எண்ணச் சுழற்சி நோயோ ஆகும். அதற்குச் சிகிச்சை உண்டு.

மனச்சோர்வும் ஆபத்தான பாலுறவும் மாணவர்களிடம் சேர்ந்தே காணப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் இரண்டையும் வினாத்தாளில் கேட்டவை. எது முன்னே வந்தது என்பதை அவை காட்டமாட்டா. எங்களுக்கும் ஒவ்வொரு நோயாளியிடமும் அது தெளிவாவதில்லை. தெளிவாகும்வரை காத்திருக்காமல் இரண்டையும் சேர்த்தே கவனிக்கிறோம். பால்வினை நோய்க்கு வருபவரிடம் தூக்கத்தையும், உயிர் வாழ விருப்பம் குறைந்துள்ளதா என்பதையும் கேட்கிறோம். மனச்சோர்வுக்கு வருபவரிடம், தனி அறையில், பாலுறவுப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கிறோம்.

இந்த அணுகுமுறை புதியதன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால். அதன்பின் வந்த ஆண்டுகளில், இரத்தம் எடுக்குமுன் ஒரு பேச்சு, முடிவைச் சொல்லும்போது ஒரு பேச்சு என்ற முறை நிலைபெற்றது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இன்றும் அவ்வாறே இலவசமாகப் பரிசோதிக்கின்றனர். உடலைச் சோதிக்கும் இடத்தில் மனத்தோடு பேசவும் ஒருவர் வேண்டும் என்பதை அந்நோய் நமக்குக் கற்றுத் தந்தது. மற்ற பால்வினை நோய்களுக்கு அதை நாம் மறந்துவிட்டோம் என்பது எங்கள் கருத்து.

காலம் முக்கியமான சில செய்திகளை மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம். எச்.ஐ.வி. தொற்று நேர்ந்திருக்கக்கூடும் என்று அஞ்சினால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் வர வேண்டும். தேவை என்று அவர் கருதினால் தடுப்பு மருந்தை 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் முதல் 72 மணி நேரமே உரியது; ஐந்து நாட்கள்வரை காப்பர்-டி பொருத்தியும் கருவைத் தடுக்கலாம். வெட்டை, கிளமிடியா, சிஃபிலிஸ் ஆகியவை மருந்தால் குணமாகக்கூடியவை. உறவு கொண்டவருக்கும் சிகிச்சை தராவிட்டால் தொற்று மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பெண்களிடம் கிளமிடியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும், 26 வயதுவரை எச்.பி.வி. தடுப்பூசியும் போட்டுக்கொள்ளலாம்.

மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி மாணவர்கள் வாய்விட்டுக் கேட்காத ஒன்று இருக்கிறது. அவற்றுள் சில பாலுறவு நாட்டத்தைக் குறைக்கும், உச்சநிலையைத் தாமதப்படுத்தும். சொல்ல வெட்கப்பட்டுப் பலர் மருந்தையே நிறுத்திவிட்டு, இரண்டு மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்புகின்றனர். எங்களிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம். வேறு மருந்துக்கு மாற்றலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கிறதா என்று வீட்டார் உடனிருந்து கவனிப்பதும் அவசியம்.

இனி, தொடக்கத்தில் கேட்ட தந்தையின் கேள்விக்கு வருகிறோம். பதினெட்டு வயது நிரம்பியவரின் மருத்துவச் செய்தி அவருக்கே உரியது. மனநலச் சிகிச்சைச் சட்டமும் எச்.ஐ.வி. சட்டமும், இரண்டும் 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டவை, இதை உறுதி செய்கின்றன. உயிருக்கு ஆபத்து போன்ற, சட்டமே குறிப்பிடும் விலக்குகள் தவிர, அவர் ஒப்புதலின்றி நாங்கள் பேச இயலாது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்குக் கருக்கலைப்புத் தேவைப்பட்டால் அவருடைய ஒப்புதலே போதும். திருமணமானவரா என்பது கேள்வி அன்று. முதலாம் ஆண்டில் பதினேழு வயது மாணவர்களும் இருப்பதால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம்: பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் பாலுறவு பற்றி அறிந்தால் போக்சோ சட்டப்படி நாங்கள் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். ஆயினும் கருக்கலைப்பு நாடும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அத்தகவலில் அவருடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டில் கூறியுள்ளது. இந்த அச்சத்தால் சிகிச்சைக்கே வராமல் போகும் சிறுமியர் அடையும் தீங்கு பெரிது.

பெற்றோருக்கு இது கசப்பாக இருக்கும் என்பதை அறிவோம். கட்டணம் கட்டுபவர், இரவெல்லாம் பேருந்தில் வந்தவர், கதவுக்கு வெளியே நிற்கிறார். ஆனால் இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லையேல் மகன் அந்தக் கதவைத் தாண்டியே இருக்கமாட்டார். அன்று அத்தந்தையிடம் நாங்கள் கூறியது இவ்வளவே: “நோயின் பெயரை அவரே சொல்லட்டும். ஆனால் அவர் நன்றாக உறங்கிப் பல மாதங்கள் ஆகின்றன. இதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி தந்திருக்கிறார்.”

தந்தை சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு, மதிப்பெண், ஊரார் பேச்சு பற்றி ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது, மகனை ஊருக்கு அழைத்துச் செல்லலாமா, அல்லது தாமே சில நாட்கள் இங்குத் தங்க வேண்டுமா என்பது. பத்து நாட்கள் தங்கினார். அவ்வாறு தங்க இயலாத குடும்பங்கள் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம், எச்.ஐ.வி. தொடர்பான ஐயங்களுக்கு 1097 என்ற இலவச எண் உள்ளது. அழைப்பவர் தம் பெயரைக் கூற வேண்டியதில்லை.

மூன்றாம் மாத இரத்தப் பரிசோதனைக்கு அம்மாணவர் தனியாக வந்தார். தொற்று எதுவும் இல்லை. மருந்தை நிறுத்தவில்லை, விடியற்காலை விழிப்பு நின்றிருந்தது. ஆறு தாள்களில் இரண்டை எழுதித் தேறியிருந்தார். தந்தையிடம் முழுவதையும் சொன்னீர்களா என்று நாங்கள் கேட்கவில்லை. அவராகவே, “பாதி சொல்லியிருக்கிறேன் சார்” என்றார்.